தெரு செத்துவிடும் என்று சொன்னவன்

காஸ்தெராவை எங்கள் தெருவில் முதலில் நம்பியவள் மைத்தேதான். கடைசிவரை அவனை விடாமல் துரத்தியவளும் அவள்தான்.

மைத்தேயும் அவள் கணவன் ரோலானும் கறிக்கடை வைத்திருந்தார்கள். கரோன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கல்பாலத்தைத் தாண்டி வரும் பெரிய தெருவில், என் முடிதிருத்தும் கடைக்கு நேர் எதிரே. என் பெயர் லுசீலியா. போர்ச்சுகலிலிருந்து சின்ன வயதிலேயே அப்பாவோடு பிரான்சுக்கு, இந்தப் போர்தோ நகரத்துக்கு வந்துவிட்டேன். இந்தத் தெருவில் தலைகளைப் பார்த்தபடியே எனக்கு வயதாகிவிட்டது. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைச் சுற்றியதும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கறிக்கடைப் பலகையில் இருந்தது ரோலானின் அப்பா பெயர். கடை மட்டும் மைத்தேயுடையது. ரோலான் உள்ளே நின்று மௌனமாக வெட்டிக்கொண்டிருப்பான். முன்னால் நின்று விற்றது, பேசியது, திட்டியது, சிரித்தது எல்லாம் அவள். எந்தக் கிழவருக்குப் பல் இல்லை, எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று தெரிந்து அதற்கேற்ற துண்டை எடுத்துக் கொடுப்பாள். சனிக்கிழமைகளில் அவளுடைய ரத்தத் தொத்திறைச்சிக்கு நிற்கும் வரிசை என் கடைவாசல் வரைக்கும் வளைந்து வரும். "என் வாடிக்கைக்காரங்களுக்கு உன் ஆளுங்க வழி விடட்டும்" என்று அங்கிருந்தே கத்துவாள். "உன் ஆளுங்க தலையைப் பாரு, எல்லாம் எங்கிட்ட வரவேண்டியதுங்க" என்று நானும் கத்துவேன்.

அப்போதுதான் டிராம் திரும்ப வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஓடியதை, காருக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிந்த நகரம் இது. இப்போது டிராமுக்கு இடைஞ்சல் என்று கார்களை விரட்டப்போகிறார்கள் என்றதும் என் கடைக்கு வரும் கிழவிகள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தை அதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆலைகள் மூடிக்கிடந்தன, கிடங்குகள் துருவேறிக் கிடந்தன. டிராம் வந்தால் அக்கரையும் இக்கரையும் ஒன்றாகிவிடும், இடிந்ததெல்லாம் எழுந்துவிடும் என்று மேயர் அலுவலகத்துக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் எல்லோரும் இளவயதுக்காரர்கள். ஒருத்தர் கையிலும் கறிக்கடைப் பை இல்லை.

பிறகு தோண்ட ஆரம்பித்தார்கள். தெருவே ஒரு பெரிய பள்ளமாகியது. கடைக்குள் வர வேண்டுமானால் பலகைமேல் நடந்து வர வேண்டும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. மைத்தே காலையில் துடைத்த கண்ணாடியில் மதியம் விரலால் எழுதலாம். கம்பி வேலியைச் சுற்றிக்கொண்டு வர யாருக்குப் பொறுமை? சனிக்கிழமை வரிசை தேய்ந்து தேய்ந்து கடைசியில் இல்லாமலே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் காஸ்தெரா பெரிய மனிதனானான். வீடு, கடை வாங்கி விற்பது அவன் தொழில். கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவன். உயரமான ஆள், நல்ல குரல். டிராமுக்கு எதிராக அட்டையில் சவப்பெட்டி செய்து தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போனோம். அவன் முன்னால் ஒலிபெருக்கியோடு நடந்தான். பக்கத்திலேயே மைத்தே, வாணலியைக் கரண்டியால் அடித்தபடி.

"இந்தத் தெரு செத்துரும்!" என்று அவன் முழங்குவான். "கார் நிறுத்த இடம் இருக்காது. டிராம் நம்மளைத் தாண்டிப் போயிரும், இங்க நிக்கக்கூட நிக்காது!"

கூட்டம் முடிந்தபின் ஒவ்வொரு கடையாகப் போய் மெல்லிய குரலில் பேசுவான். மைத்தேயின் கடைக்கு அவன் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"மதாம், உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது," என்றான். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், கிடங்கு வைக்க இடம் தேடுறார். இப்ப குடுத்தா ஏதோ கிடைக்கும். இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா சும்மா குடுத்தாலும் எவனும் தொட மாட்டான்."

"நான் விக்க மாட்டேன்," என்றாள் மைத்தே.

"நானும் அதைத்தான் சொல்றேன், விக்காதீங்க. ஆனா ரோலானோட உடம்பையும் யோசிங்க."

இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டான். அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

சொத்து ரோலான் பெயரில். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். சாவியைக் கொடுத்த நாளில் காஸ்தெரா மைத்தேயின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "நான் இருக்கேன், தைரியமா இருங்க" என்றான். அவளும் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த அழுகையைத்தான் பின்னால் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

அவர்கள் மேட்டுப்பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்குப் போனார்கள். மைத்தேக்கு ஒரு பேரங்காடியின் கறிப்பிரிவில் வேலை கிடைத்தது. எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி வரும். அவள் விலைச்சீட்டு ஒட்டுவாள். எங்கள் பக்கத்தில் செருப்புக்கடை தார்திக் விற்றார், பூக்கடைக்காரி விற்றாள், மூலையில் காப்பிக்கடை போயிற்று. என் கடை தப்பித்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரி கடற்கரை ஊரில் இருந்த ஒரு பிடிவாதக்காரக் கிழவி. காஸ்தெரா போன் செய்தால் பெயரைக் கேட்டதுமே வைத்துவிடுவாள்.

பிறகு டிராம் வந்தது. பாலத்தின்மேல் அது முதன்முதலாக வந்த நாளில் இரண்டு கரையிலும் ஜனம் நின்று கைதட்டியது. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே கம்பிகூட இல்லாமல், ஆற்றைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் பள்ளம் வெளிறிய கல் பாவிய தெருவாக மாறியிருந்தது, ஓரமாக மரங்கள். நின்று போகும் நிறுத்தம் எங்கே தெரியுமா? மைத்தேயின் பழைய கடைக்குப் பத்தடி தள்ளி.

காஸ்தெரா திறப்புவிழாவில் அதிகாரிகளோடு நின்று சிரித்தான். "முதல் நாளிலிருந்தே டிராமை நம்பியவர்களில் நானும் ஒருவன்" என்று பேசினான். எங்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான். மனிதர்கள் மாறுவார்கள், கட்சியே மாறுகிறார்கள்.

கறிக்கடை இருந்த இடத்தில் கிடங்கு எதுவும் வரவில்லை. கண்ணாடி வைத்து, வெளியே நாற்காலி போட்டு, ஒயின் கடை வந்தது. அதன் மாடியிலேயே காஸ்தெராவும் மனைவி பெர்னதெத்தும் குடிவந்தார்கள். வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். பெர்னதெத் என் வாடிக்கைக்காரியானாள். ஒரு நாள் தலையில் சாயம் பூசி, வெள்ளித்தாள் சுற்றி உட்கார வைத்திருந்தேன். எதிரே பார்த்தபடி, "மாடியிலேர்ந்து ஆறு தெரியுது லுசீலியா, வாங்கினப்ப நான்கூட இவ்வளவு நினைக்கல" என்றாள்.

"வாங்கினீங்களா?"

"என் தம்பி பேர்லதான். எங்க வீட்டுக்காரர் ஒலிவியே பேர்ல வாங்கினா நல்லாவா இருக்கும்? சங்கத் தலைவராச்சே!" அவள் சிரித்தாள். "இந்த வரிசை மொத்தமும் அப்படித்தான். நிறுத்தம் எங்க வருதுன்னு அவருக்கு முதல்லயே தெரியும். நகரசபையில சிநேகிதங்க இல்லையா."

என் கை நிற்கவில்லை. வெள்ளித்தாளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவள் தலை எவ்வளவு நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடையைப் பூட்டிவிட்டு நேராக மைத்தே வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் லீக் வெங்காயத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், தட்டை உடைப்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்றப்ப அவ சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"சரி," என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் விசாரித்தாள். கையெழுத்துப் போட்டவர் விருப்பத்தோடுதானே போட்டார், கூட இருந்து அழுதது குற்றமில்லையே என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். சில வாரம் கழித்து என் கடைக்கு வந்தாள்.

"டிராம் ஓட்ட ஆள் எடுக்கறாங்க. பொம்பளைங்களும் வரலாமாம்."

"உனக்கென்ன பைத்தியமா? இந்த வயசுலயா?"

"கண்ணு நல்லாருக்கு, கை நடுங்காது. மாட்டையே பிரிச்சவளுக்கு இது என்ன?"

அவள் எல்லாப் பரீட்சையிலும் தேறினாள். ஓட்டுநர் உடுப்பில், பச்சைச் சால்வையும் கோட்டுமாக முதல்முறை எங்கள் தெருவுக்குள் டிராமைக் கொண்டுவந்தபோது நான் கத்திரிக்கோலோடு வாசலுக்கு ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒயின் கடையைப் பார்த்தாள். பிறகு மணி அடித்தாள்.

அந்த ஒயின் கடையின் நாற்காலிகள் தண்டவாளத்தை ஒட்டிய கோட்டைத் தாண்டித்தான் எப்போதும் கிடக்கும். அதிகப்படியாக ஒரு வரிசை போட்டால் அதிகப்படியாக ஆள் உட்காரலாம் என்ற ஆசை. கோட்டுக்குள் ஏதாவது இருந்தால் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. மற்ற ஓட்டுநர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். மைத்தே நிறுத்தி, அடித்து, நாற்காலி நகரும்வரை அடித்து, நகர்ந்தபின் நன்றி சொல்வதுபோல் இன்னொரு முறை அடித்துவிட்டுப் போவாள். விடிகாலை முதல் வண்டி அவள் முறையாக இருந்தால் மாடி ஜன்னலுக்குக் கீழேயும் ஒன்று.

முதலில் காஸ்தெரா அவளைப் பார்த்து ஒயின் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்தினான். பிறகு டிராம் கம்பெனிக்குப் புகார் எழுதினான். ஒரு மேற்பார்வையாளர் அவள் பக்கத்தில் நின்று வந்தார். அன்றும் ஒரு நாற்காலி கோட்டுக்குள் கிடந்தது. "அடிங்க மதாம், அடிங்க" என்று அவரே சொன்னாராம்.

ஒரு மதியம் நிறுத்தத்தில் டிராம் நின்றிருந்தபோது காஸ்தெரா ஓட்டுநர் ஜன்னலருகே போய் நின்றான். நான் ஏறுவதற்காக அங்கேதான் நின்றிருந்தேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும், மதாம்?"

"என் கடை."

"அது சட்டப்படி வித்த கடை."

"நானும் சட்டப்படிதான் மணி அடிக்கிறேன், முசியே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவு மூடணும். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வயிறு எரியும்."

அவன் முகம் கல்லீரல் நிறத்துக்குப் போயிற்று.

எல்லோரும் அவள் கணவனுக்காகப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தார்கள். ரோலான் அப்படி நினைக்கவில்லை. கடை போனதிலிருந்து அவன் ஆற்றோரம் தூண்டில் போட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கி, கன்னத்தில் சதை போட்டிருந்தான். ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது சொல்லியே விட்டான்.

"போதும் விடேன் மைத்தே. எனக்கு அந்தக் கடை இருபது வயசுலேர்ந்தே பிடிக்காது. அப்பா சொன்னாரேன்னு கத்தியைப் பிடிச்சேன். காஸ்தெரா எனக்கு நல்லதுதான் பண்ணான்."

"தெரியும்," என்றாள் அவள். "கையெழுத்துப் போட்டப்ப நீ என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. உன்னையும் நான் மறக்கல ரோலான். உனக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல. ரொட்டியை எடு."

அவன் ரொட்டியை எடுத்துக் கொடுத்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

நகரசபைத் தேர்தல் வந்தது. காஸ்தெரா ஒரு அணியின் வேட்பாளர் பட்டியலில் நல்ல இடம் பிடித்திருந்தான். "டிராமோடு வளர்ந்த பஸ்தீத்" என்று எங்கள் பேட்டையின் பெயரைப் போட்டுச் சுவரொட்டி. தேர்தலுக்கு முந்தைய வாரம், சந்தை கூடும் ஞாயிறு, ஒயின் கடை வாசலில் விருந்து. சிப்பியும் வெள்ளை ஒயினும். அணித்தலைவரே வந்திருந்தார். சிப்பிக்கூடைகளை இறக்க காஸ்தெரா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அது பின்சக்கரம் தண்டவாளத்தின்மேல் இருக்க நின்றது. ஞாயிற்றுக்கிழமை டிராம் அடிக்கடி வராது, ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்திருப்பான்.

நான் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். டிராமில் நிற்க இடமில்லை. முள்ளங்கிக் கட்டும் கோழியுமாக பேட்டைக்காரர்கள். ஓட்டியது மைத்தே. காரைக் கண்டு நிறுத்தினாள். மணி அடித்தாள். காஸ்தெரா திரும்பிப் பார்த்து, ஒரு விரலைத் தூக்கிப் பொறு என்று காட்டிவிட்டு, அணித்தலைவரின் தட்டில் எலுமிச்சை பிழிந்தான்.

மைத்தே எல்லாக் கதவுகளையும் திறந்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. பெட்டிக்குள்ளும் கேட்டது, தெருவுக்கும் கேட்டது.

"பயணிகளே, வழியில ஒரு கார் நிக்கறதால நம்ம வண்டி நின்னிருக்கு. கார் முசியே ஒலிவியே காஸ்தெராவோடது. இந்தத் தெரு செத்துரும்னு நம்மகிட்ட சொன்னவர். டிராம் இங்க நிக்காதுன்னு சொன்னவர். நிறுத்தம் எங்க வருதுன்னு அப்பவே அவருக்குத் தெரியும். நம்மளை விக்கச் சொல்லிட்டு, மச்சான் பேர்ல அவரே வாங்கினார். என் கறிக்கடையை வாங்கினார். முசியே தார்திக்கோட செருப்புக்கடையை வாங்கினார். பூக்கடையை வாங்கினார். வாங்கறப்ப கண்ணைத் துடைச்சுக்கிட்டார். உங்க நேரம் வீணாகறதுக்கு மன்னிக்கணும். அவர் சிப்பி சாப்பிட்டு முடிச்சதும் கிளம்பலாம்."

காஸ்தெரா எழுந்தான்.

"பொய்! இது அவதூறு! இந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சிருக்கு!"

நான் கூடையோடு இறங்கினேன். நேராக அவன் மேசைக்குப் போனேன்.

"உங்க வீட்டம்மாவே எங்கிட்ட சொன்னாங்க முசியே. தலைக்குச் சாயம் போட்டுக்கிட்டே சொன்னாங்க. இதோ இங்கதானே இருக்காங்க, கேளுங்க."

எல்லோரும் பெர்னதெத்தைப் பார்த்தார்கள். அவள் மறுத்திருந்தால் ஒருவேளை பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வயதான தார்திக் டிராமிலிருந்து தடியை ஊன்றி இறங்கி மேசைக்குப் போனார். "உன்னை என் வீட்டுச் சாப்பாட்டுல உக்கார வெச்சேனேடா," என்றார். காஸ்தெராவின் கோப்பையை எடுத்து அவன் சட்டைமேல் ஊற்றினார்.

அதற்குப்பின் தெரு கொதித்தது. காரை எடு என்று கத்தினார்கள். அவன் பையெல்லாம் துழாவினான், சாவி கிடைக்கவில்லை. பேட்டைப் பையன்களும் மீன்காரர்களுமாக ஒரு கூட்டம் இறங்கி, ஏலேலோ என்று அந்தக் காரை ஆட்டி ஆட்டித் தூக்கி, அவனுடைய மேசை நாற்காலிகளின்மேல் நகர்த்தி வைத்தார்கள். கண்ணாடி நொறுங்கியது, சிப்பிகள் கல்தரையில் உருண்டன. அணித்தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார். போக வேறு வழி தெரியாமல் டிராமிலேயே ஏறிக்கொண்டார்.

"வரவேற்கிறோம்," என்றாள் மைத்தே ஒலிபெருக்கியில். கதவை மூடினாள்.

அந்த அணி எங்கள் பகுதியில் மண்ணைக் கவ்வியது. மைத்தேயைக் கம்பெனி விசாரணைக்குக் கூப்பிட்டது. "நான் சொன்னதுல எது பொய்?" என்று கேட்டாளாம். பொய்யா மெய்யா என்பதல்ல, ஒலிபெருக்கி அதற்கல்ல என்றார்கள். சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு தொழிற்சங்கம் பேசி, அக்கரையில் வேறு தடத்துக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவில் அவள் இனி ஓட்டக்கூடாது. அதற்கு அவள் தயாராகவே இருந்தாள்.

ஒயின் கடைக்குள் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் கால் வைக்கவில்லை. அக்கரைக்காரர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், கதை தெரிந்ததும் அவர்களும் நின்றுவிட்டார்கள். ரொட்டிக்கடையில் காஸ்தெரா நுழைந்தால் பேச்சு நிற்கும், அவன் சாக்கலத்தீன் என்ற சாக்லேட் ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியேறும்வரை. பிறகு அவன் ரொட்டிக்கடைக்கும் வருவதில்லை.

குளிர்காலத்தில் பெர்னதெத் என் கடைக்கு வந்தாள். முடி வெட்ட அல்ல. வேர்ப்பக்கம் நரை நான்கு விரல் ஏறியிருந்தது.

"அவர் வெளியவே வர்றதில்ல லுசீலியா. சாப்பாடு இறங்கல. மாத்திரை போட்டாத்தான் தூக்கம். மைத்தேகிட்ட சொல்லேன், ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு நாலு பேர்கிட்ட அவ சொன்னாப் போதும். நாங்க மன்னிப்புக் கேக்கறோம்."

எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. போய் அப்படியே சொன்னேன். மைத்தே அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு இறங்கலையாமா?"

"ஆமாங்கறா."

"எனக்கு நல்லா இறங்குதுன்னு சொல்லு," என்று இன்னொரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

வசந்தம் பிறக்கும் முன் மச்சான் எல்லாவற்றையும் விற்றான். கறிக்கடை இருந்த இடத்துக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வருவதாகப் பேச்சு. மைத்தேக்குக் கடை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கப்போவதும் இல்லை என்று அவளுக்கு முதல்நாளே தெரியும்.

காஸ்தெராவின் சாமான் வண்டி வந்த அன்று அவள் விடுப்புப் போட்டுவிட்டு காலையிலேயே என் கடைக்கு வந்துவிட்டாள். கண்ணாடிக்கு எதிரே உட்கார வைக்கப் போனேன்.

"இங்க வேணாம். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பு."

திருப்பினேன். துணியைச் சுற்றிக் கட்டினேன். எதிரே மெத்தை இறங்கியது, அலமாரி இறங்கியது, விளக்குகள் இறங்கின. நான் ஈரத்தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் காஸ்தெரா வந்தான். கோட்டு தோளில் தொங்கியது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். வண்டியில் ஏறும் முன் தலையைத் தூக்கியவன் ஜன்னலில் எங்களைப் பார்த்துவிட்டான்.

மைத்தே துணிக்கடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். ஊருக்குப் போகும் விருந்தாளியை வழியனுப்புவதுபோல் நிதானமாக ஆட்டினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஆட்டினாள்.

"நல்லா வெட்டு லுசீலியா," என்றாள் பிறகு. "இன்னிக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்ல."